‘சண்முகவேல் மேடமா?’: கடன் தகுதி பார்த்த பிறகு நடந்தவை

கடன் வாங்கலாம் என்று இருக்கிறீர்கள், எங்கே வட்டி குறைவு என்று ஏதாவது ஒப்பீட்டுத் தளத்தில் பார்க்கப் போகிறீர்கள் என்றால், போவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். போன வருடம் நான் பட்டதில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகும். எனக்குப் போன கணக்கு இது: மோசடியில் 5,900 ரூபாய், கூடுதல் வட்டியாக மூன்று வருடத்துக்குக் கிட்டத்தட்ட 13,700 ரூபாய், ஒரு மழைக்காலம் முழுக்க நிம்மதி. இத்தனையிலும் என் தகவலை யாரும் பூட்டை உடைத்துத் திருடவில்லை. எல்லாமே என்னுடைய ‘ஒப்புதலோடு’ நடந்ததாகத்தான் ஏட்டில் இருக்கிறது.

நான் பாளையங்கோட்டையில் அம்மாவோடு இருக்கிறேன். ஜவுளிக்கடை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. வீடு அப்பா கட்டியது. மாடியில் தட்டோடு பெயர்ந்து, சமையலறைக் கூரையில் காரை உதிர்ந்து கம்பி தெரிய ஆரம்பித்திருந்தது. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, “ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சிரணும்க்கா. தண்ணி இறங்கி கம்பி துருப்பிடிச்சா செலவு ரெண்டு மடங்காயிரும்” என்றார். நாலு லட்சம் தேவைப்பட்டது. சம்பளம் வரும் வங்கியிலேயே கேட்கலாம்தான். ஆனால் வேறு எங்காவது ஒரு சதவீதம் குறைவாகக் கிடைத்தால் நல்லதுதானே என்று, விளம்பரங்களில் அடிக்கடி வரும் ஒரு கடன் ஒப்பீட்டுத் தளத்தில் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன்.

பெயர், பிறந்த தேதி, பான் எண், சம்பளம், வேலை பார்க்கும் இடம், எவ்வளவு கடன், எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. ‘லாஸ்ட் நேம்’ கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகவில்லை. இனிஷியல் போட்டால் ஒரு எழுத்து போதாது என்றது. நம் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் பழகிப்போன தொல்லைதான் இது. சரி என்று அப்பா பெயரைப் போட்டேன். சண்முகவேல். வங்கி, ஆதார், கேஸ், மின்வாரியம் எல்லாவற்றிலும் என் பெயர் இனிஷியலோடுதான் இருக்கிறது. அப்பா பெயர் எனக்குப் பெயராகிப் பதிவானது அந்த ஒரு தளத்தில் மட்டும்தான். ஓடிபி வந்தது, போட்டேன். கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று மதிப்பிடும் கிரெடிட் ஸ்கோர் 782 என்று பச்சை நிறத்தில் காட்டியது. கீழே நாலைந்து நிறுவனங்களின் பெயரும் வட்டியும் வந்தன. எதற்கும் விண்ணப்பிக்காமல் மூடிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கடைக்குப் போய் உட்கார்வதற்குள் முதல் அழைப்பு. “ஹலோ, சண்முகவேல் மேடமா?” அப்பா போய்ச் சில வருடம் ஆகிறது. அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டதும் ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பழைய பாக்கி ஏதாவது இருக்குமோ என்றுகூடப் பயந்தேன். கடன் வேண்டுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார். அன்றைக்கே அப்படி நிறைய வந்தன. தமிழில், ஆங்கிலத்தில், இந்தியில், பதிவு செய்த குரலில். வேண்டாம் என்றால் “ஏன் மேடம், இன்ட்ரஸ்ட் கம்மிதான்” என்று தொடர்வார்கள். எண்ணை முடக்கினால் கடைசி இரண்டு இலக்கம் மாறி இன்னொரு எண்ணிலிருந்து வரும். வாட்ஸ்ஆப்பில் ‘நீங்கள் கேட்ட கடன் தயார்’ என்ற செய்திகள் தனி. ஆவணி முகூர்த்த வியாபாரம் நடந்துகொண்டிருந்த நேரம். கவுண்டரில் பில் சரிபார்க்கும்போது போன் மேஜையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. முதலாளி ஒருநாள், “என்னம்மா, எங்கயும் கடன் கிடன் வாங்கி மாட்டிக்கிட்டியா?” என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து போனைச் சத்தமில்லாமல் போட்டு இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். அது பின்னால் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். கூப்பிட்டவர்களில் பெரும்பாலோர் என்னைச் சண்முகவேல் என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கிருந்து தகவல் போனது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போனது அதனால்தான். எனக்கு இது தற்செயலாக அமைந்தது, நீங்கள் வேண்டுமென்றே செய்யலாம். கட்டாயம் தகவல் கொடுத்தே ஆக வேண்டிய தளங்களில் மின்னஞ்சல் முகவரியில் ஒரு அடையாளம் வையுங்கள். ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின், அட் குறிக்கு முன், ஒரு கூட்டல் குறியும் அந்தத் தளத்தின் பெயரும் சேர்த்து எழுதினாலும் கடிதம் உங்களுக்கே வந்து சேரும். நாளைக்குச் சம்பந்தமில்லாத நிறுவனம் ஒன்று அந்த முகவரிக்கு எழுதினால், யார் கொடுத்தார்கள் என்று அதிலேயே எழுதியிருக்கும். முடிந்தால் விலை விசாரிக்க மட்டும் தனியாக ஒரு சிம் வைத்துக்கொள்ளுங்கள். வங்கியோடு இணைந்த எண்ணை ஒப்பீட்டுத் தளங்களில் கொடுக்காதீர்கள்.

தொல்லை தாங்காமல் 1909 என்ற எண் மூலம், விளம்பர அழைப்பு வேண்டாதவர்களுக்கான டிஎன்டி பதிவேட்டில் எல்லா விளம்பர அழைப்பும் வேண்டாம் என்று பதிவு செய்தேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஏன் என்று புரிந்தது, அந்தத் தளத்துக்குத் திரும்பப் போய், ‘தொடர்க’ பட்டனுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் இருந்த பொடி எழுத்தை விரலால் பெரிதாக்கிப் படித்தபோதுதான். நான் டிக் போட்டது ‘விதிமுறைகளை ஏற்கிறேன்’ என்ற ஒற்றை வரிக்கு. அதைத் தொட்டால் விரியும் பக்கத்தில் இருந்தது இவ்வளவு: தளமும் அதன் பங்குதாரர்களும் என் கிரெடிட் அறிக்கையை எடுக்கலாம். என்னைத் தொலைபேசி, குறுஞ்செய்தி, வாட்ஸ்ஆப் மூலம் தொடர்பு கொள்ளலாம். என் எண் டிஎன்டியில் பதிவாகியிருந்தாலும் இந்த ஒப்புதலே செல்லும். பங்குதாரர்கள் யார் என்று பார்க்க இன்னொரு இணைப்பு. அதில் நிதி நிறுவனங்களின் நீண்ட பட்டியல், முடிவில் ‘உள்ளிட்ட, ஆனால் இவை மட்டுமல்ல’ என்று ஒரு வால். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதிகளின்படி, நீங்கள் ஒரு நிறுவனத்துக்கு வெளிப்படையாக ஒப்புதல் கொடுத்திருந்தால் அது உங்கள் டிஎன்டி விருப்பத்தை மீறிச் செல்லும். ஆக, அந்த டிக்கோடு டிஎன்டியின் பல்லும் போய்விடுகிறது. எந்தத் தளத்திலும் பட்டனுக்கு மேலே கீழே உள்ள பொடி எழுத்தில் ‘பார்ட்னர்ஸ்’, ‘டிஎன்டி’, ‘கிரெடிட் ரிப்போர்ட்’ என்ற மூன்றை மட்டும் தேடுங்கள். மூன்றும் ஒரே டிக்கில் இருந்தால் அந்தத் தளத்துக்கு நீங்கள் வாடிக்கையாளர் இல்லை, சரக்கு.

சரக்கு என்பதைக் கோபத்தில் சொல்லவில்லை. தொழிலே அப்படித்தான். இந்தத் தளங்கள் நமக்கு இலவசம், வருமானம் கடன் கொடுக்கும் நிறுவனங்களிடமிருந்து வருகிறது. ‘இன்ன சம்பளக்காரர், இன்ன ஊர், இவ்வளவு கடன் தேடுகிறார்’ என்ற குறிப்புக்குத் தொழிலில் ‘லீட்’ என்று பெயர். தளம் அதை நிதி நிறுவனத்துக்குக் கொடுக்கும். நிதி நிறுவனம் கமிஷனுக்கு ஆள் பிடிக்கும் டிஎஸ்ஏ ஏஜென்சிக்குக் கொடுக்கும். ஏஜென்சி தன் கீழ் வேலை பார்க்கும் பையன்களுக்கு எக்செல் தாளாகக் கொடுக்கும். முதல் படியில் ஒப்பந்தம் இருக்கும், ரகசியக் காப்பு இருக்கும். கீழே இறங்க இறங்க அது வாட்ஸ்ஆப்பில் சுற்றும் வெறும் தாள். வேலையை விட்டுப் போகிற பையன் அதையும் எடுத்துக்கொண்டு போனால் யார் கேட்பது?

இனி, போனை இழுப்பறையில் வைத்த கதை. ஒப்பீடெல்லாம் போதும் என்று எங்கள் வங்கிக் கிளையிலேயே விண்ணப்பித்தேன். மேலாளர் திரையைப் பார்த்துக்கொண்டே, “நிறைய என்கொயரி தெரியுதேம்மா. பல இடத்துல கேட்டுப் பார்த்தீங்களோ?” என்றார். நான் ஒரு இடத்திலும் விண்ணப்பிக்கவில்லையே என்றேன். திரையை என் பக்கம் திருப்பினார். ஸ்கோர் 741. தளம் 782 என்று காட்டிய அதே பீரோவின், அதாவது நம் கடன் வரலாற்றைத் தொகுத்து ஸ்கோர் போடும் அதே நிறுவனத்தின், ஸ்கோர்தான். “750க்கு மேல இருந்தா 11 பர்சென்ட் போட்டிருப்பேன். இப்ப 13 தான் வரும்” என்றார். நாலு லட்சத்துக்கு மூன்று வருடம் என்றால், மாதத் தவணையில் 380 ரூபாய் சொச்சம் கூடுகிறது. மேலே சொன்ன 13,700 இப்படி வந்ததுதான். நம் ஸ்கோரை நாமே பார்த்தால் அது குறையாது. கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்று ‘இவர் கடன் கேட்டிருக்கிறார்’ என்று அறிக்கையை எடுத்தால் அது என்கொயரியாகப் பதிவாகும். குறுகிய காலத்தில் அப்படிப் பல பதிவானால், இவருக்குப் பண நெருக்கடி என்று கணக்கு போட்டு ஸ்கோர் இறங்கும். நான் கேட்காத கடனுக்கு, என் ஒப்புதல் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, நான் கேள்விப்படாத நிறுவனங்கள் என் அறிக்கையை எடுத்திருந்தன.

பரவாயில்லை, கிடைத்தால் போதும் என்று 13க்கே கையெழுத்து போட்டுவிட்டு வந்தேன். வங்கியிலிருந்து வீட்டையும் வேலையிடத்தையும் சரிபார்க்க ஒரு ஆள் வர வேண்டும். அவர் தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். நான்தான் தெரியாத எண் எதையும் எடுப்பதில்லையே. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ‘தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டார். கோப்பு திரும்பிவிட்டது. நான் ஒப்புதல் செய்தி வரும் வரும் என்று காத்திருந்தேன். இதற்குள் புரட்டாசியே முடியப் போகிறது. வங்கியில் விண்ணப்பித்தால் “எந்த எண்ணிலிருந்து கூப்பிடுவீர்கள்?” என்று கிளையிலேயே கேட்டு, அதைப் பெயர் போட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்களின் சேவை அழைப்புகள் இப்போது 1600 என்று தொடங்கும் எண்களுக்கு மாறி வருகின்றன. 140 என்று தொடங்கினால் விளம்பரம். ஆனால் நேரில் வரும் ஆள் தன் சொந்தக் கைபேசியிலிருந்துதான் கூப்பிடுவார் என்பதால் கேட்டு வைத்துக்கொள்வதே நல்லது.

கோப்பு திரும்பிய அந்த வாரத்தில்தான் இன்னொருவர் கூப்பிட்டார். சுத்தமான தமிழ், நிதானமான குரல். “சண்முகவேல் மேடம், ஆகஸ்ட்ல நீங்க வீட்டு ரிப்பேருக்கு நாலு லட்சம் கேட்டிருந்தீங்க. ஜவுளிக்கடையில அக்கவுன்ட்ஸ்ல இருக்கீங்க, சரிங்களா?” என்று சம்பளத் தொகையையும் சொன்னார். ஊரறிந்த ஒரு நிதி நிறுவனத்தின் பெயரைச் சொன்னார். அரைமணி நேரத்தில் வாட்ஸ்ஆப்பில் ஒப்புதல் கடிதம் வந்தது. என் பெயர், பான் எண், கடன் தொகை, வட்டி 9.99, கீழே முத்திரை. செயல்முறைக் கட்டணம் 5,000, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 900, ஆக 5,900 கட்டினால் சாயங்காலத்துக்குள் பணம் கணக்கில் ஏறிவிடும் என்றார். ஜிஎஸ்டி கணக்கு பைசா பிசகாமல் இருந்தது. நான் கணக்கெழுதுகிறவள், அது எனக்கு நம்பிக்கையைக் கூட்டியது என்பதுதான் கொடுமை. கட்டினேன். ஒரு மணி நேரத்தில், காப்பீட்டுக்கு இன்னும் 12,400 கட்ட வேண்டும் என்றார். அப்போதுதான் பணம் போன இடத்தைத் திறந்து பார்த்தேன். நிதி நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு டிரேடர்ஸ் என்று இருந்தது. கை நடுங்கியது. அம்மாவிடம் சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. கழிவறையில் போய் நின்று அழுதேன்.

இதைப் படிப்பவர்களில் சிலர், படித்தவள் எப்படி ஏமாந்தாள் என்று நினைக்கலாம். தயவுசெய்து கொஞ்சம் யோசியுங்கள். அவர் கையில் இருந்தது நான் நிரப்பிய படிவம். நான் ஒரே இடத்தில் சொன்ன கடன் தொகை, காரணம், சம்பளம், அப்பா பெயர் எல்லாம் வரிசையாக இருந்தன. ‘எல்லாம் தெரிந்து பேசுகிறார், அதனால் உண்மையானவர்’ என்று நம்பும் பழக்கம், நம் தகவல் நம்மிடமும் வங்கியிடமும் மட்டும் இருந்த காலத்தில் உண்டானது. இப்போது அந்தப் பழக்கத்தை விட்டுவிடத்தான் வேண்டும். பேசுகிறவருக்கு உங்களைப் பற்றி எவ்வளவு தெரிகிறது என்பதை அவர் யார் என்பதற்கு ஆதாரமாக எடுக்காதீர்கள். பணம் எந்தப் பெயருக்குப் போகிறது என்பதை மட்டும் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, இடையில் நிற்கும் செயலிக்கோ ஏஜென்சிக்கோ உரிய கட்டணத்தை நிதி நிறுவனம்தான் கொடுக்க வேண்டும், கடன் வாங்குகிறவரிடம் நேரடியாக வாங்கக் கூடாது. உண்மையான கடனில் செயல்முறைக் கட்டணம் பெரும்பாலும் கடன் தொகையிலேயே பிடித்துக்கொள்ளப்படும். முதலில் கட்டு, பிறகு தருகிறேன் என்றால் போனை வைத்துவிடுங்கள். ஒரு கடன் செயலி எந்த நிதி நிறுவனத்துக்காக வேலை செய்கிறது என்று பார்க்க, 2025 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கி தன் தளத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அது நிறுவனங்கள் தாமே கொடுத்த விவரம்தான், ரிசர்வ் வங்கியின் நற்சான்று இல்லை. ஆனாலும் அதில் இல்லாத செயலி என்றால் அங்கேயே நின்றுவிடலாம்.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே கூப்பிட்டேன். பணம் போன நேரம், தொகை, எந்த வங்கி, யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். அழைப்பதற்கு முன் அவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் செயலிக்கும் அழைப்புக்கும் மாறி மாறிப் போய்த் தடுமாறினேன். புகார் எண் குறுஞ்செய்தியில் வரும், அதை வைத்து தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் மீதி விவரத்தைப் பதிய வேண்டும். எதிர்முனையில் இருந்த பெண் காவலர் பொறுமையாகப் பேசினார், அது அன்றைக்குப் பெரிய ஆறுதல். பணம் ஏற்கெனவே வேறு கணக்குக்கு நகர்ந்துவிட்டது. திரும்பி வரவில்லை.

கோபம் வடிந்த பிறகு, என் தகவல் எங்கெல்லாம் போனது என்று தேட ஆரம்பித்தேன். யாரும் சொல்லித்தராத ஒன்றைக் கண்டுகொண்டேன். கிரெடிட் அறிக்கையின் என்கொயரி பகுதிதான் அந்தப் பட்டியல். எந்த நிறுவனம், எந்தத் தேதியில், எவ்வளவு கடனுக்கு என்று வரி வரியாக இருக்கிறது. தளம் மூடி மறைத்தாலும் அந்த அறிக்கை காட்டிக்கொடுத்துவிடுகிறது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு பீரோ நிறுவனங்கள் நாட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் எடுங்கள். ‘இலவச ஸ்கோர்’ என்று கூவும் மூன்றாம் தரப்புச் செயலியில் எடுத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். நான் கேட்காத என்கொயரி என்று அங்கேயே ஆட்சேபம் எழுப்பலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2024 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. உங்கள் அறிக்கையை யாராவது எடுத்தால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும் என்பதும் அதே காலத்து விதிதான். அதற்கு உங்கள் எண் பீரோவில் சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதியது. முகவரி தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் அடியில் இருக்கும். செயலியை நீக்கிவிட்டால் தகவலும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் போனிலிருந்து போகும், அவர்கள் கணினியில் அப்படியேதான் இருக்கும். நான் எழுதியது சுருக்கமாக இதுதான்: “என் ஒப்புதலை இன்றோடு திரும்பப் பெறுகிறேன். என் தகவலை எந்தெந்த நிறுவனங்களுக்கு, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று தெரிவிக்கவும். சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை தவிர மற்றதை அழிக்கவும். வாங்கியவர்களுக்கும் இதைத் தெரிவிக்கவும்.” ‘உங்கள் கணக்கு நீக்கப்பட்டது, சேவையில் மகிழ்ச்சி’ என்று பதில் வந்தது. கேட்ட பட்டியல் வரவில்லை. திரும்ப எழுதும்போது ரிசர்வ் வங்கியின் விதியைச் சுட்டினேன். தகவலைத் தர மறுக்க, மூன்றாம் தரப்புக்குக் கொடுப்பதைக் கட்டுப்படுத்த, கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற, அழிக்கச் சொல்ல, கடன் வாங்குகிறவருக்கு வழி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. போனிலுள்ள தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, படங்களைக் கடன் செயலிகள் தொடவே கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது. உங்கள் செயலி ‘காண்டாக்ட்ஸ்’ அனுமதி கேட்டால் அந்த இடத்திலேயே வெளியே வந்துவிடுங்கள். இரண்டாவது கடிதத்துக்கு முழுசாக இல்லாவிட்டாலும் பதில் வந்தது. அதன் பிறகு அழைப்புகள் குறைந்தன.

ரிசர்வ் வங்கியிடம் போவதென்றால் ஒரு சூட்சுமம் உண்டு. ஒப்பீட்டுத் தளத்தின் மேல் நேரடியாகப் புகார் கொடுத்தால் சுற்றி விடுவார்கள். ரிசர்வ் வங்கியின் பிடி வங்கிகள், நிதி நிறுவனங்கள் மேல்தான். எனவே என்கொயரி பட்டியலில் உள்ள நிறுவனத்துக்கு முதலில் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார்த் தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். தொல்லை அழைப்புகளுக்கு 1909இலோ ட்ராயின் டிஎன்டி செயலியிலோ புகார் கொடுக்கும்போது, அழைப்பு வந்த 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இந்த எல்லாவற்றுக்கும் திரைப்பிடிப்பு எடுத்து ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள். ஒப்புதல் வாசகத்தையும்தான். அது பின்னால் மாறிவிடும்.

கடன் தளத்தோடு நின்றுவிடும் விஷயம் இல்லை இது என்று தெரிந்தது, பேஸ்புக் கணக்கு அமைப்பில் ‘மெட்டாவுக்கு வெளியே உங்கள் செயல்பாடு’ என்ற பகுதியைத் திறந்தபோது. கணக்கு மையத்தில், உங்கள் தகவலும் அனுமதிகளும் என்ற தலைப்புக்குள் இருக்கிறது. மற்ற செயலிகளும் தளங்களும் நம்மைப் பற்றி அங்கே அனுப்பியவற்றின் பட்டியல். பஸ் டிக்கெட் செயலி, மளிகைச் செயலி, அம்மாவுக்குக் கண் பரிசோதனைக்கு நேரம் பதிந்த தளம் என்று ஓடிக்கொண்டே போனது. கண் மருத்துவமனையில் நேரம் வாங்கியது விளம்பரக்காரர்களுக்கு எதற்கு? அந்தப் பகுதியிலேயே பழையதை அழிக்கவும் இனிமேல் இணைக்காதே என்று சொல்லவும் வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அமைப்புகள், கூகுள், விளம்பரங்கள் என்று போய் விளம்பர அடையாள எண்ணை அழிக்கலாம். ஐபோனில் தனியுரிமைப் பகுதியில் ‘டிராக்கிங்’ அனுமதி கேட்பதையே மொத்தமாக நிறுத்தலாம். பிளே ஸ்டோரில் செயலிக்குக் கீழே ‘மூன்றாம் தரப்போடு தகவல் பகிரப்படவில்லை’ என்று இருப்பதை நம்பி நிம்மதியாகிவிடாதீர்கள். அது செயலிக்காரரே நிரப்பும் படிவம். தன் சேவைக்கு அமர்த்திய நிறுவனத்துக்குக் கொடுப்பதும், பயனரின் ஒப்புதலோடு கொடுப்பதும் அந்தக் கணக்கில் ‘பகிர்வு’ ஆகாது. என் கதை முழுக்க அந்த இரண்டு விலக்குக்குள் அடங்கிவிடும்.

இதெல்லாம் நம் ஊரில் மட்டும் நடப்பதென்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் மருந்து விலைத் தள்ளுபடி தரும் குட்ஆர்எக்ஸ் என்ற நிறுவனம், உடல்நலத் தகவலைப் பகிர மாட்டோம் என்று சொல்லிவிட்டு பேஸ்புக், கூகுள் போன்றவற்றுக்குக் கொடுத்ததற்காக 2023இல் 15 லட்சம் டாலர் கட்டியது. மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் அதே வருடம் இதே மாதிரி விவகாரத்தில் 78 லட்சம் டாலருக்கு உடன்பட்டது. நம் நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியமான பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். வந்த பிறகு, நம் தகவலை யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று பெயரோடு கேட்கும் உரிமை இருக்கும். ஒப்புதல் அறிவிப்பைத் தமிழில் கேட்டுப் படிக்கலாம். ஒப்புதல் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். அதுவரை ரிசர்வ் வங்கி விதியும் ட்ராய் விதியும்தான் கைக்கு எட்டுகிற ஆயுதம்.

வங்கிக் கடன் கடைசியில் கிடைத்தது. ஆனால் மழைக்குப் பிறகு. ஐப்பசி முழுக்கச் சமையலறையில் அண்டாவும் வாளியும் வைத்துத் தண்ணீர் பிடித்தோம். கொத்தனார் சொன்னதுபோல் கம்பி துருப்பிடித்து, ஒரு பகுதியை இடித்துப் போட வேண்டியதாயிற்று. அதன் செலவை நான் மேலே சொன்ன கணக்கில் சேர்க்கவில்லை. ஆட்சேபம் எழுப்பிய என்கொயரிகளில் இரண்டை ஒரு பீரோ நீக்கியிருக்கிறது. மற்றதற்கு ‘நீங்கள் ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள்’ என்று நிறுவனங்கள் பதில் அனுப்பியிருக்கின்றன. குறைதீர்ப்பாளரிடம் கொடுத்த புகார் நிலுவையில் இருக்கிறது. இன்னொன்று, ஒரு பீரோவில் நீக்கினால் மற்ற மூன்றிலும் தானாக நீங்காது. நான்குக்கும் தனித்தனியாக எழுத வேண்டும்.